கிளை மாறினாலும் தரவுத்தளம் மாறாது: ஜாங்கோ மைக்ரேஷன் சிக்கல்களைக் கண்டறிந்து தீர்க்கும் வழி

காவிரி டெல்டாவில் நெல் கொள்முதலுக்கான வலைச் செயலி ஒன்றை இருவர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கும்பகோணத்திலும் மற்றவர் மன்னார்குடியிலும் இருந்துகொண்டு கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் ஒரே களஞ்சியத்தில், ஆளுக்கொரு ‘கிளை’யில், அதாவது தனியே பிரித்த மாற்ற வரிசையில், வேலை செய்கிறார்கள். செயலி, பைத்தான் மொழிக்கான வலைச் சட்டகமான ஜாங்கோவில் அமைந்தது. ‘கொள்முதல்’ என்ற ஆப்பில் ‘எடைச்சீட்டு’ என்ற மாடல், அதாவது ஒரு தரவுத்தள அட்டவணையை விவரிக்கும் நிரல், இருக்கிறது. விவசாயியின் பெயர், 40 கிலோ சிப்பங்களின் எண்ணிக்கை, தேதி ஆகியவை அதில் பதிவாகின்றன. கும்பகோணத்துக்காரர் தம் கிளையில் நெல்லின் ஈரப்பதத்துக்கு ஒரு புலம் சேர்க்கிறார். அளவு 17 சதவீதத்தைத் தாண்டினால் பட்டியல் எழுத்தருக்கு எச்சரிக்கை காட்ட வேண்டும் என்பது தேவை. மன்னார்குடிக்காரர் தம் கிளையில் குறுவை, சம்பா, தாளடி என்று பருவத்தைக் குறிக்கும் புலம் சேர்க்கிறார். மாடலில் செய்த மாற்றத்தைத் தரவுத்தள அட்டவணையில் கொண்டுவரும் கோப்புக்கு மைக்ரேஷன் என்று பெயர்; இருவரும் கிளை பிரித்தபோது கடைசியாக இருந்த மைக்ரேஷன் 0006. ஆகவே இருவரிடமும் 0007 என்ற எண்ணில் ஆளுக்கொரு கோப்பு உருவாகிறது. ஒவ்வொருவரும் தம் கோப்பைத் தம் கணினியில் உள்ள தரவுத்தளத்தில் ஓட்டியும்விடுகிறார்.

தை மாதம் சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கும்போது, சீட்டில் அச்சாகும் மொத்த எடை தவறாக வருகிறது என்று கொள்முதல் நடக்கும் இடத்திலிருந்து தகவல் வருகிறது. கும்பகோணத்துக்காரர் ஈரப்பதக் கிளையை அப்படியே விட்டுவிட்டு, பொதுவான மெயின் கிளைக்கு மாறித் திருத்தத்தைத் தொடங்குகிறார். சோதனைக்காக ஒரு சீட்டைச் சேமித்துப் பார்த்தால், ‘ஈரப்பதம்’ என்ற நெடுவரிசை காலியாக இருக்கக் கூடாது என்று தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் மறுக்கிறது. மெயின் கிளையின் நிரலில் எங்கே தேடினாலும் ஈரப்பதம் என்ற சொல்லே இல்லை.

இப்படிப்பட்ட பிழைகளை எந்த வரிசையில் ஆராய்வது, எதை எப்போது செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே விளக்குகிறேன். கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான வடிவிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

மூன்று பதிவேடுகள்

கிட் பார்த்துக்கொள்வது கோப்புகளை மட்டுமே. கிளை மாற்றும்போது மாடல் கோப்பும் மைக்ரேஷன் கோப்புகளும் அந்தக் கிளைக்கு உரியவையாக மாறுகின்றன; தரவுத்தளமோ கிட்டுக்கு வெளியே, கடைசியாக ஓடிய மைக்ரேஷன் விட்டுச்சென்ற நிலையிலேயே இருக்கிறது. ஆற்றுத் தலைப்பில் மதகை அடைத்துவிட்டதால் வயலில் ஏற்கெனவே பாய்ந்த தண்ணீர் திரும்பிப் போய்விடுவதில்லை, இதுவும் அப்படித்தான்.

ஆகவே ஒரு மைக்ரேஷனைப் பற்றிய செய்தி மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, நீங்கள் இப்போது இருக்கும் கிளையின் மைக்ரேஷன்ஸ் கோப்புறையில் உள்ள கோப்பு. இரண்டாவது, தரவுத்தளத்துக்குள் ஜாங்கோ தனக்காக வைத்திருக்கும் ‘ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ்’ அட்டவணையில் உள்ள பதிவு. ஆப்பின் பெயர், மைக்ரேஷனின் பெயர், ஓடிய நேரம் ஆகியவை மட்டுமே அதில் உண்டு, கோப்பின் உள்ளடக்கத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மூன்றாவது, எடைச்சீட்டு அட்டவணையின் உண்மையான அமைப்பு, அதாவது அதில் நிஜமாகவே இருக்கும் நெடுவரிசைகள். இந்த மூன்றும் ஒத்துப்போகும்வரை பிழை வராது. பிழை வந்துவிட்டால், மூன்றில் எது மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகே கையை வைக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் இணையத்தில் கிடைத்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதால், ஒரு விலகல் இரண்டாகவும் மூன்றாகவும் பெருகிவிடுகிறது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ கட்டளை, புதிதாக என்ன மாற்றம் தேவை என்பதைத் தீர்மானிக்க உங்கள் அட்டவணையின் அமைப்பைப் பார்ப்பதே இல்லை. மைக்ரேஷன் கோப்புகளை முதலிலிருந்து வரிசையாகப் படித்து, அவற்றின்படி மாடல் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று மனக்கணக்காக ஒரு நிலையை உருவாக்கி, அதை இன்றைய மாடல் கோப்போடு ஒப்பிடுகிறது. எனவே ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று அது சொன்னால், கோப்புகளும் மாடலும் ஒத்துப்போகின்றன என்று மட்டுமே பொருள். தரவுத்தளம் சரியாக இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

மேலே சொன்ன பிழைக்குக் காரணமும் இப்போது விளங்கும். ஈரப்பதப் புலத்துக்கு மாடலில் முன்னிருப்பு மதிப்பு தரப்பட்டிருந்தாலும், நெடுவரிசையைச் சேர்க்கும் வேளையில் பழைய பதிவுகளை நிரப்புவதற்காக மட்டும் ஜாங்கோ அந்த மதிப்பைத் தரவுத்தளத்துக்குத் தருகிறது. சேர்த்து முடித்ததும் அதை அங்கிருந்து நீக்கிவிடுகிறது. அதன் பிறகு அந்த மதிப்பை இட வேண்டிய பொறுப்பு பைத்தான் நிரலுடையது. மெயின் கிளையின் நிரலுக்கோ அந்த நெடுவரிசை இருப்பதே தெரியாது. அதனால் அதைக் குறிப்பிடாமலேயே பதிவைச் செருகப் பார்க்கிறது, தரவுத்தளம் காலி மதிப்பை ஏற்க மறுக்கிறது. ஜாங்கோ 5.0 முதல் ‘டிபி_டீஃபால்ட்’ என்ற ஆப்ஷனைப் புலத்துக்குத் தந்தால், முன்னிருப்பு மதிப்பு தரவுத்தளத்திலேயே தங்கிவிடும். அடிக்கடி கிளை மாறும் குழுக்களுக்கு இது பெரிய நிம்மதி. புதிய புலங்களுக்கு இதையே பழக்கமாக்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

ஆராய்ச்சியை ‘ஷோமைக்ரேஷன்ஸ் கொள்முதல்’ என்று தொடங்குங்கள். ஓடி முடிந்தவற்றுக்கு எதிரே பெருக்கல் குறியும், ஓடாதவற்றுக்கு எதிரே காலிக் கட்டமும் இருக்கும். வெர்பாசிட்டி 2 என்று சேர்த்துக்கொண்டால் ஒவ்வொன்றும் ஓடிய தேதியும் நேரமும் தெரியும். எந்த நாளில் எந்தக் கிளையில் இருந்தோம் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள அது பெரிதும் உதவும். ஆனால் இந்தக் கட்டளை இப்போதைய கிளையில் கோப்பாக இருப்பவற்றை மட்டுமே பட்டியலிடும். கோப்பு இல்லாமல் தரவுத்தளத்தில் மட்டும் பதிவாகியிருக்கும் 0007_ஈரப்பதம் இங்கே தலைகாட்டாது. அதனால் ‘டிபிஷெல்’ கட்டளையால் தரவுத்தளத்துக்குள் நுழைந்து, ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் அட்டவணையில் கொள்முதல் ஆப்புக்கு உரிய பதிவுகளை நேரடியாகப் படியுங்கள். அதே இடத்தில் எடைச்சீட்டு அட்டவணையின் நெடுவரிசைகளையும் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் பின்சாய்வுக்கோட்டுடன் டி என்ற எழுத்தும் அட்டவணையின் பெயரும் போதும், எஸ்கியூலைட்டில் புள்ளியுடன் ஸ்கீமா என்று கேட்க வேண்டும்.

மூன்று பதிவேடுகளும் கண்முன்னே வந்தவுடன் நிலைமை பெரும்பாலும் தானாகவே புரிந்துவிடும். கோப்பு இருக்கிறது, பதிவும் இல்லை, நெடுவரிசையும் இல்லை என்றால் கவலையே வேண்டாம். ‘மைக்ரேட்’ ஓட்டினால் முடிந்தது. கோப்பு இல்லை, பதிவும் நெடுவரிசையும் இருக்கின்றன என்றால் வேறொரு கிளையின் மிச்சம் உங்களிடம் தங்கியிருக்கிறது. கோப்பும் நெடுவரிசையும் இருந்து பதிவு மட்டும் இல்லாவிட்டால், மைக்ரேட் ஓட்டும்போது ‘நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது’ என்ற பிழை வரும்; யாரோ கையால் எஸ்கியூஎல் எழுதிச் சேர்த்திருக்கலாம், அல்லது ஓடிய கோப்பின் பெயரைப் பின்னர் மாற்றியிருக்கலாம். கோப்பும் பதிவும் இருந்து நெடுவரிசை இல்லாவிட்டால், ஓட்டாமலேயே ஓட்டியதாகப் பதியும் ‘ஃபேக்’ ஆப்ஷனை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஐயப்பட இடமுண்டு.

வேறு கிளையின் மிச்சத்தை அகற்றுவது

சரியான முறை, கிளையை விட்டு வெளியேறும் முன்பே அதன் மைக்ரேஷன்களைத் திரும்பப் பெறுவது. ஈரப்பதக் கிளையில் இருக்கும்போதே ‘மைக்ரேட் கொள்முதல் 0006’ என்று ஓட்டினால், 0007_ஈரப்பதம் பின்னோக்கி ஓடி, நெடுவரிசையும் பதிவும் சேர்ந்தே நீங்கும். அதற்குப் பிறகு கிளை மாறலாம். எந்த எண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பதில் ஐயம் இருந்தால், மெயினுக்கும் உங்கள் கிளைக்கும் இடையிலான ‘கிட் டிஃப்’ பட்டியலை ‘நேம்-ஒன்லி’ ஆப்ஷனுடன் எடுத்து, அதில் எந்தெந்த மைக்ரேஷன் கோப்புகள் புதியவை என்று பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஆப்களில் புதிய கோப்புகள் இருந்தால் ஒவ்வோர் ஆப்பையும் தனித்தனியே திருப்ப வேண்டும். நெடுவரிசையோடு அதில் இட்டிருந்த சோதனைத் தரவும் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் கணினியில் இருக்கும் தரவுத்தளத்தில் இது பொருட்டல்ல.

கிளை மாறிய பிறகுதான் நினைவு வந்தது என்றால், மெயினில் இருந்தபடியே அதைத் திரும்பப் பெற முடியாது; எப்படிப் பின்னோக்கிச் செல்வது என்ற குறிப்பு அந்தக் கோப்பில்தான் இருக்கிறது, கோப்போ அந்தக் கிளையில் இருக்கிறது. முடிக்காத மாற்றங்களைக் கமிட் செய்துவிட்டோ ‘ஸ்டாஷ்’ செய்துவிட்டோ (தற்காலிகமாக ஒதுக்கிவைத்துவிட்டோ), ஈரப்பதக் கிளைக்கே திரும்பிச் சென்று, 0006-க்குத் திருப்பிவிட்டு, மீண்டும் மெயினுக்கு வாருங்கள். கோப்பை மட்டும் அந்தக் கிளையிலிருந்து மெயினுக்கு இழுத்து வந்து ஓட்டினால் என்ன என்று தோன்றும். மெயினில் வேறொரு 0007 ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தால் அது பலிக்காது. ஒரே ஆப்பில் இரண்டு முனைகள், அதாவது அடுத்ததாக எதுவும் வராத இரண்டு மைக்ரேஷன்கள், நிற்பதைக் கண்டவுடன், நீங்கள் முன்னோக்கிப் போகச் சொன்னாலும் பின்னோக்கிப் போகச் சொன்னாலும், மைக்ரேட் கட்டளை எதையும் தொடாமல் நின்றுவிடும். ஆகவே கிளைக்கே திரும்புவதுதான் மேல்.

கிளையை அழித்துவிட்டிருந்தாலும் பதற வேண்டியதில்லை. நீங்கள் இருந்த கமிட்களை வரிசையாகக் காட்டும் ‘கிட் ரீஃப்லாக்’ பட்டியலில் அந்தக் கிளையின் கடைசிக் கமிட் பெரும்பாலும் இன்னும் இருக்கும். அந்தக் கமிட்டிலிருந்து ஒரு தற்காலிகக் கிளை எடுத்து, அங்கே திரும்பப் பெறலாம். ‘கிட் ஒர்க்ட்ரீ’ மூலம் அதை வேறொரு கோப்புறையில் திறந்துகொண்டால், இப்போது செய்துகொண்டிருக்கும் வேலை கலையாது. தரவுத்தள அமைப்பு இரண்டு கோப்புறைகளிலும் ஒன்றையே சுட்டுகிறதா என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியிலேயே ஒரு தடை வரக்கூடும். மைக்ரேஷனில், பைத்தான் நிரலை ஓட்டும் ‘ரன்பைத்தான்’ என்ற செயல் இருந்து, அதற்குப் பின்னோக்கிய செயற்கூறு தரப்படாவிட்டால், இதைத் திரும்பப் பெற இயலாது என்ற பிழையுடன் ஜாங்கோ நிற்கும். பழைய சீட்டுகளின் தேதியைப் பார்த்துப் பருவத்தை நிரப்பும் மைக்ரேஷன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பின்னோக்கிப் போகும்போது செய்வதற்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லையென்றாலும், ‘ரன்பைத்தான்.நூப்’ என்று இரண்டாவது செயற்கூறாகத் தந்துவிடுங்கள். ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கும் வேலை அது. அதைச் சேர்க்காத மைக்ரேஷன் மறு ஆய்வுக்கு வந்தால் நான் ஏற்பதில்லை.

கோப்பு எங்குமே கிடைக்காத நிலையில் மட்டும் கையால் செய்யலாம். நெடுவரிசையை எஸ்கியூஎல் மூலம் நீக்குங்கள். பிறகு ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் அட்டவணையிலிருந்து அந்தப் பதிவையும் நீக்குங்கள். ஜாங்கோ 4.1 முதல் ‘மைக்ரேட்’ கட்டளைக்கு ஆப்பின் பெயரையும் ‘ப்ரூன்’ ஆப்ஷனையும் தந்தால், கோப்பு இல்லாத பதிவுகளை அதுவே களைந்துவிடும். ஆனால் ப்ரூன் பதிவைத்தான் களையும், நெடுவரிசையைத் தொடாது. இரண்டையும் செய்யுங்கள், அல்லது இரண்டையும் செய்யாதீர்கள். பாதியில் விட்டால் நாளை ஈரப்பதப் புலத்தை மறுபடி எழுதி ஓட்டும்போது, நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது என்ற அடுத்த பிழை காத்திருக்கும்.

ஒரே பெயர், இரண்டு உள்ளடக்கங்கள்

எல்லாவற்றிலும் கண்டுபிடிக்கக் கடினமானது இதுதான். கும்பகோணத்துக்காரர் 0007_ஈரப்பதம் கோப்பில் முதலில் முழு எண் புலமாக எழுதித் தம் கணினியில் ஓட்டுகிறார், கிளையைத் தள்ளுகிறார். மன்னார்குடிக்காரர் அதை இழுத்துத் தம் கணினியிலும் ஓட்டுகிறார். பிறகு 16.8 போன்ற அளவுகளைப் பதிய வேண்டும் என்பதால், முன்னவர் அதே கோப்பைத் திருத்தித் தசமப் புலமாக மாற்றி, மீண்டும் தள்ளுகிறார். மன்னார்குடியில் அதை இழுத்து மைக்ரேட் ஓட்டினால், செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிறது. ஷோமைக்ரேஷன்ஸ் பெருக்கல் குறி காட்டுகிறது. மேக்மைக்ரேஷன்ஸ் மாற்றம் இல்லை என்கிறது. பிழைச் செய்தி எங்குமே இல்லை. 16.8 என்று உள்ளிட்ட ஈரப்பதம் 17 என்று திரும்பி வருவதுதான் ஒரே அறிகுறி, அதையும் யாராவது கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பெயரை மட்டுமே பதிந்து வைத்திருக்கும் அட்டவணைக்கு உள்ளடக்கம் மாறியது தெரிய வழியில்லை. எனவே ‘எஸ்கியூஎல்மைக்ரேட் கொள்முதல் 0007’ என்று கேட்டு, இப்போதைய கோப்பு எந்த எஸ்கியூஎல்லை ஓட்டியிருக்கும் என்று பார்த்து, அதை உண்மையான நெடுவரிசை வகையோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு உறுதியானால், மன்னார்குடிக் கணினியில் 0006-க்குத் திருப்பி, மீண்டும் முன்னோக்கி ஓட்டினால் தீரும். அதோடு ஒரு விதியையும் குழுவுக்குள் உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டும்: மற்றொருவர் கணினியில் ஓடிவிட்ட மைக்ரேஷனைத் திருத்தக் கூடாது, அடுத்த எண்ணில் புதிதாக ஒன்றை எழுத வேண்டும்.

இரண்டு 0007-களை ஒன்றுசேர்த்தல்

பருவக் கிளை முதலில் மெயினில் சேர்ந்துவிட்டது என்று கொள்வோம். அடுத்து ஈரப்பதக் கிளையை இணைக்கும்போது கிட் எந்த முரணையும் காட்டாது, ஏனெனில் இரண்டு கோப்புகளுக்கும் பெயர் வேறு. மைக்ரேட் ஓட்டும்போதுதான், முரண்பட்ட மைக்ரேஷன்கள் உள்ளன, வரைபடத்தில் இரண்டு கடைசி முனைகள் நிற்கின்றன என்று ஜாங்கோ அறிவிக்கும். எண் ஒன்றாக இருப்பது அதற்குக் காரணமன்று. எண்ணும் பெயரும் மனிதர்கள் படிப்பதற்காக. ஜாங்கோ பார்ப்பது ஒவ்வொரு கோப்பிலும் உள்ள ‘டிபென்டென்சீஸ்’ பட்டியலை. இரண்டு கோப்புகளும் 0006-ஐயே தமக்கு முந்தியதாகச் சொல்வதுதான் சிக்கல்.

தீர்வுகள் இரண்டு. ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ கட்டளைக்கு ‘மெர்ஜ்’ ஆப்ஷன் தந்தால், இரண்டு 0007-களையும் முந்தியவையாகக் கொண்ட, செயல்கள் எதுவும் இல்லாத ஒரு 0008 கோப்பு உருவாகும். அதற்கு முன் இரு தரப்புச் செயல்களையும் திரையில் காட்டி, இவை ஒன்றோடொன்று மோதவில்லையென்றால் மட்டுமே இணைப்பு பலிக்கும் என்று சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்கும். அந்தக் கேள்வியைப் படிக்காமல் ஆம் என்று அழுத்துவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது; மோதல் இருக்கிறதா என்று ஜாங்கோ சோதிப்பதில்லை, உங்களைத்தான் சோதிக்கச் சொல்கிறது. ஒருவர் ஈரப்பதம் சேர்த்து மற்றவர் பருவம் சேர்த்திருந்தால் சரி. இருவருமே ‘பருவம்’ என்ற பெயரில் ஆளுக்கொரு புலம் சேர்த்திருந்தால், இரண்டாவதாக ஓடும் மைக்ரேஷன் தோற்கும்.

இரண்டாவது தீர்வு, பின்னால் வருபவர் தம் மைக்ரேஷனை மறுபடி எழுதுவது. கும்பகோணத்துக்காரர் தம் கிளையில் இருக்கும்போதே 0006-க்குத் திரும்புகிறார், தம் 0007 கோப்பை நீக்குகிறார், மெயினை உள்ளே இழுக்கிறார், மேக்மைக்ரேஷன்ஸ் ஓட்டுகிறார். பருவத்தின் 0007-க்கு அடுத்ததாக 0008_ஈரப்பதம் உருவாகும், வரலாறு ஒரே கோடாக நிற்கும். இந்த வரிசை முக்கியம்; திரும்புவதற்கு முன்பே கோப்பை நீக்கிவிட்டால், முந்தைய பகுதியில் சொன்ன மிச்சச் சிக்கலை நீங்களே உண்டாக்கியவராவீர்கள். கோப்பில் கையால் எழுதிய ரன்பைத்தான் பகுதி இருந்தால், நீக்காமல் பெயரையும் டிபென்டென்சீஸ் பட்டியலையும் மட்டும் திருத்துங்கள். மேக்மைக்ரேஷன்ஸ் அந்தப் பகுதியை மீண்டும் எழுதித் தராது.

கிளை இன்னும் உங்கள் கணினியைத் தாண்டவில்லை என்றால் இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். அது வேறு எவருடைய தரவுத்தளத்திலாவது ஓடிவிட்டது என்றால் முதல் வழிதான் பாதுகாப்பானது. ஓடிவிட்ட மைக்ரேஷனின் டிபென்டென்சீஸ் பட்டியலை மாற்றி, இன்னும் ஓடாத ஒன்றை அதற்கு முன்னால் நுழைத்தால், முந்தியது ஓடாமல் பிந்தியது ஓடியிருக்கிறது, வரலாறு முரணாக உள்ளது என்ற பிழை வரும். அதே போல, வேறொரு மைக்ரேஷன் பெயர் சொல்லிச் சார்ந்திருக்கும் கோப்பை நீக்கினாலோ பெயர் மாற்றினாலோ, முந்திய முனையைக் காணவில்லை என்று ஜாங்கோ நின்றுவிடும்; அந்தப் பெயரைக் கோப்புறை முழுவதும் தேடி, சுட்டும் இடங்களைத் திருத்த வேண்டும்.

ஃபேக் என்னும் ஆப்ஷன்

‘ஃபேக்’ செய்வது ஒன்றே ஒன்று: எஸ்கியூஎல் எதையும் ஓட்டாமல், ஓட்டியதாகப் பதிவு மட்டும் எழுதும். எனவே அட்டவணை ஏற்கெனவே சரியாக இருந்து பதிவு மட்டும் தவறாக இருக்கும்போது அது சரியான கருவி. நெடுவரிசை இருக்கிறது, வகையும் ஒத்துப்போகிறது, பதிவுதான் இல்லை என்று எஸ்கியூஎல்மைக்ரேட் மூலம் உறுதிசெய்த பிறகு, அந்த ஒரு மைக்ரேஷனின் பெயரைக் குறிப்பிட்டு ஃபேக் செய்யுங்கள். பதிவு இருந்து நெடுவரிசை இல்லாத எதிர் நிலையில், 0006-க்கு ஃபேக்காகத் திரும்பிவிட்டு, ஃபேக் இல்லாமல் முன்னோக்கி ஓட்டுங்கள். பெயர் குறிப்பிடாமல் ‘மைக்ரேட் ஃபேக்’ என்று பொதுவாக ஓட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்; எல்லா ஆப்களிலும் நிலுவையில் உள்ள எல்லா மைக்ரேஷன்களும் ஓடாமலேயே ஓடியவையாகிவிடும், உண்மை நிலையை மீட்பதற்கு அட்டவணை அட்டவணையாக ஒப்பிட வேண்டிவரும்.

மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவோருக்கு இங்கே கூடுதல் கவனம் வேண்டும். போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூலைட்டிலும் ஒரு மைக்ரேஷன் முழுவதும் ஒரே பரிவர்த்தனையாக ஓடுவதால், நடுவில் தோற்றால் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். மைஎஸ்கியூஎல்லில் அட்டவணை அமைப்பு மாற்றங்களைப் பரிவர்த்தனையால் திரும்பப் பெற முடியாது. மூன்று நெடுவரிசைகளைச் சேர்க்கும் மைக்ரேஷன் மூன்றாவதில் தோற்றால், முதல் இரண்டும் தங்கிவிடும், பதிவு மட்டும் எழுதப்படாது. அந்த நிலையில் ஃபேக் உதவாது. சேர்ந்துவிட்ட இரண்டையும் கையால் நீக்கிவிட்டு, தோற்ற காரணத்தைச் சரிசெய்து மீண்டும் ஓட்ட வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ஒரு மைக்ரேஷனுக்கு ஒரு மாற்றம் என்று பிரித்து எழுதுவது இதனால்தான் நல்லது.

கிளைக்கொரு தரவுத்தளம்

நீண்ட நாள் ஓடும் கிளைகளுக்குத் தனித் தரவுத்தளம் வைத்துக்கொண்டால் மேலே சொன்னவற்றில் பாதி எழவே எழாது. தரவுத்தளத்தின் பெயரைச் சூழல் மாறியிலிருந்து படிக்கும்படி செட்டிங்ஸ் கோப்பை எழுதிவிட்டு, போஸ்ட்கிரெஸில் ‘கிரியேட்டிபி’ கட்டளைக்கு ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்தை டெம்ப்ளேட்டாகத் தந்தால், அதன் அச்சு அசலான நகல் கிடைக்கும். அந்த மூலத் தரவுத்தளத்தோடு வேறு இணைப்பு ஏதும் திறந்திருந்தால் நகலெடுக்க மறுத்துவிடும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் ரன்சர்வரை முதலில் நிறுத்துங்கள். எஸ்கியூலைட்டில் கோப்பை நகலெடுத்தாலே போதும். நகலெடுக்கும் மூலத்தில் உண்மையான விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்களோ சிட்டா விவரங்களோ இருக்கக் கூடாது. கற்பனைப் பெயர்களால் நிரப்பிய ஒரு மூலத் தரவுத்தளத்தை இதற்கென்றே வைத்துக்கொள்வது நம் கடமை. மடிக்கணினிகள் தொலையும், நகல்கள் எங்கெங்கோ போகும்.

கிளை மாறியதும் தானாக ஓடும், கிட்டின் ‘போஸ்ட்-செக்அவுட்’ ஹுக்கில் சிறு ஸ்கிரிப்ட் எழுதி, இரு கிளைகளுக்கும் இடையே மைக்ரேஷன் கோப்புகள் வேறுபட்டால் எச்சரிக்கச் செய்யலாம். அதை எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தானாக மைக்ரேட் ஓட்டும்படி செய்தால், ஒரு நிமிடம் எட்டிப்பார்க்க மாறிய கிளையின் மைக்ரேஷனும் உங்கள் தரவுத்தளத்தில் ஏறிவிடும். டெஸ்ட்களை ஓட்டும்போது, டெஸ்ட் தரவுத்தளத்தை அழிக்காமல் வைத்திருக்கும் ‘கீப்டிபி’ ஆப்ஷனைப் பயன்படுத்துவோர், டெஸ்ட் தரவுத்தளத்திலும் இதே மிச்சம் தங்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கிளை மாறியபின் முதல் முறை மட்டும் அந்த ஆப்ஷன் இல்லாமல் ஓட்டுங்கள்.

பொதுக் களஞ்சியத்தில் ஒவ்வோர் இணைப்புக் கோரிக்கைக்கும் ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ கட்டளையை ‘செக்’, ‘ட்ரை-ரன்’ ஆப்ஷன்களுடன் ஓட்டி, பின்பு காலித் தரவுத்தளத்தில் எல்லா மைக்ரேஷன்களையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு இருக்கட்டும். ஆனால் இரண்டு கோரிக்கைகள் தனித்தனியே தேறி, இரண்டாவது இணைந்த பிறகுதான் முரண் வெளிப்படும் வாய்ப்பு அப்போதும் உண்டு. ஆடம் ஜான்சன் எழுதிய ‘ஜாங்கோ-லீனியர்-மைக்ரேஷன்ஸ்’ என்ற தொகுப்பு இதற்கு எளிய வழி கண்டிருக்கிறது: கடைசி மைக்ரேஷனின் பெயரை ஒவ்வோர் ஆப்பிலும் ஓர் உரைக்கோப்பில் எழுதி வைக்கிறது, இரு கிளைகளும் அதே வரியை மாற்றுவதால், கிட் தானே முரணைக் காட்டி இணைப்பை நிறுத்திவிடுகிறது.

ஜாங்கோ அல்லாதவற்றில் வேலை செய்வோருக்கும் அடிப்படை இதுதான். ஃபிளாஸ்க்கில் வழங்கும் அலெம்பிக், ‘ஹெட்ஸ்’ கட்டளையில் ஒன்றுக்கு மேற்பட்ட முனைகளைக் காட்டும், அதற்கும் ‘மெர்ஜ்’ உண்டு. ரெயில்ஸின் ‘டிபி:மைக்ரேட்:ஸ்டேட்டஸ்’ ஒரு விதத்தில் ஜாங்கோவைவிட மேலானது. பதிவு மட்டும் இருந்து கோப்பு இல்லாதவற்றையும் அது குறிப்பிட்டுக் காட்டும்.

நேரலைத் தரவுத்தளம்

விவசாயிகளின் சீட்டுகள் உண்மையாகவே ஏறிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்துக்கு மேலே சொன்ன திரும்பப் பெறும் முறை பொருந்தாது. அங்கே நெடுவரிசையை நீக்கினால் அன்றைய கொள்முதல் விவரம் போய்விடும். மைக்ரேஷன் தவறாக அமைந்துவிட்டால், அடுத்த எண்ணில் திருத்தும் மைக்ரேஷனை எழுதி முன்னோக்கியே செல்ல வேண்டும். ஓட்டும் முன் ‘பிஜி_டம்ப்’ மூலம் நகல் எடுத்து, ‘மைக்ரேட் பிளான்’ என்று கேட்டு எவையெல்லாம் ஓடப்போகின்றன என்று வரி வரியாகப் படியுங்கள். எதிர்பாராத ஒரு பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் நிறுத்திவிட்டு, அது எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள்.

அறுவடைக் காலத்து அவசரத் திருத்தங்களை மெயினிலிருந்து எடுத்த கிளையில், மைக்ரேஷன் இல்லாமல் செய்ய முடிந்தால் அப்படியே செய்யுங்கள். நெடுவரிசைக்குப் பெயர் மாற்றுவது போன்ற வேலை வந்தால், அதை ஒரே மைக்ரேஷனில் முடிக்காமல் மூன்று வெளியீடுகளாகப் பிரிக்க வேண்டும். முதல் வெளியீட்டில் புதிய நெடுவரிசையைக் காலியாக இருக்க அனுமதித்துச் சேர்த்து, நிரல் இரண்டிலும் எழுதும்படி செய்யுங்கள். இரண்டாவதில் பழைய பதிவுகளின் மதிப்புகளை நகலெடுத்துவிட்டு, நிரல் புதியதிலிருந்து மட்டும் படிக்கட்டும். பழையதற்கும் காலி மதிப்பை அனுமதித்துவிடுங்கள். இந்த இரு நிலைகளிலும் முந்தைய வெளியீட்டின் நிரல் தடையின்றி ஓடும் என்பதால், ஏதேனும் கோளாறு என்றால் நிரலை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு எடை போடுவதைத் தொடரலாம். பழைய நெடுவரிசையை நீக்குவது மூன்றாவது வெளியீட்டின் வேலை. தாளடி அறுவடையும் முடிந்து கொள்முதல் ஓய்ந்த பிறகு அதை வைத்துக்கொள்ளலாம், அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.